பழகிய பிள்ளை மறுபடி நனைத்தால்?

கைக்குழந்தை மடியை நனைத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. துணியை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கி, "இப்போதெல்லாம் எங்கள் பையன் சொல்லிவிடுகிறான், துணியே நனைவதில்லை" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்ன பிறகு, ஒரு நாள் நடுவீட்டில் நின்றபடியே நனைத்துவிட்டால் அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "தெரிந்துகொண்டே செய்கிறான்", "அவ்வளவும் கொழுப்பு" என்கிறோம். சில வீடுகளில் கையும் நீளுகிறது. கரண்டியைக் காய்ச்சிச் சூடு போடுவேன் என்ற மிரட்டலும் நம்மவர்களுக்குப் புதிதல்ல.

குழந்தை மருத்துவர்கள் சொல்வது வேறு. பெரும்பாலும் பழகிவிட்ட, ஆனால் முழுவதும் பழகாத இந்த இடைக்காலத்தில் தவறுகள் நேரத்தான் செய்யும். நடை பழகும் குழந்தை நாலு அடி வைத்து ஐந்தாவது அடியில் விழுவதைப் போன்றதே இதுவும். விழுந்த குழந்தையை யாரும் அடிப்பதில்லை, தூக்கி நிறுத்துகிறோம். நனைத்த குழந்தைக்கும் அந்த நியாயம்தான்.

இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறை வட்டாரத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த விஷயம் சற்று அதிகமாகவே தொல்லை தருகிறது. தாய் காலையிலேயே கொழுந்து எடுக்கப் போயாக வேண்டும். போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்கு வரும் பெண்களோ, தூங்குகிற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். ஆனியிலும் ஆடியிலும் மழை விடாமல் பெய்யும்போது, துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தும் வீட்டில் ஒரு பாவாடை நனைவது சின்ன விஷயமல்ல. கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் குழந்தையின் மேல் போகவேண்டியதல்ல என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

உடம்பு கற்றுக்கொள்ளும் விதம்

மூன்று வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளக்கூடியது ஏறத்தாழ 120 முதல் 150 மில்லி. அதாவது டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றின் அளவு. அது நிறைவதை உணர வேண்டும். உணர்ந்ததைச் சொல்ல வேண்டும். இடம் போய்ச் சேரும்வரை அடக்க வேண்டும். உடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்த பிறகு விட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரே காரியமாகத் தோன்றும் இது, குழந்தைக்கு நாலு தனித்தனிப் பாடங்கள். விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது முதல் பாடமே மறந்துபோகிறது. அவசரம் தெரிந்து ஓடி வரும்போது டம்ளர் வழிந்துவிடுகிறது.

பொதுவாக மலத்தை அடக்கும் சக்தி முதலில் வருகிறது. பகலில் சிறுநீரை அடக்குவது இரண்டு வயதிலிருந்து நாலு வயதுக்குள் வருகிறது. இரவில் அடக்குவது கடைசியில்தான் வரும். இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹார்மோனும், சிறுநீர்ப்பை நிறைந்ததும் தூக்கத்தைக் கலைக்கும் மூளையின் பழக்கமும் அந்தந்தக் குழந்தைக்கு அதனதன் காலத்தில் வருபவை. ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் படுக்கையை நனைக்கிறார்கள். பத்து வயதில் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறைகிறது. தகப்பனோ தாயோ சிறு வயதில் அப்படி இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே இரவில் நனைப்பதை ஒரு குறையாக மருத்துவர்கள் எண்ணுவதே இல்லை.

பாட்டிமார் முறையும் வெளியுலகமும்

இந்த விஷயத்தில் உலகம் பலமுறை மனம் மாறியிருக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசு வெளியிட்ட குழந்தை வளர்ப்புப் பிரசுரம், முதல் மாதங்களிலேயே தொடங்கி எட்டு மாதத்துக்குள் பழக்கி முடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. 1962-ம் ஆண்டில் டி. பெரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தாம் கவனித்த 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். குழந்தை தானே ஆயத்தமாகும்வரை பொறுத்திருந்து, வற்புறுத்தாமல் பழக்கினால் போதும் என்பது அவர் கண்ட முடிவு. அப்படிப் பழகிய குழந்தைகள் பகலில் தேறியது சராசரியாக 28½ மாதத்தில்.

நம் பாட்டிமார் வழி இந்த இரண்டிலும் சேராதது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தம் பாதங்களின் மேல் குந்த வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார்கள். குழந்தையின் முகம் மாறுவதைப் பார்த்தே நேரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இனத் தாய்மாரும் ஏறக்குறைய இப்படித்தான் செய்து, ஐந்தாறு மாதத்திலேயே பிள்ளைகளைப் பழக்குகிறார்கள் என்று 1977-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

நல்ல முறைதான். ஆனால் இதில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பாட்டி மடியில் பழகிய குழந்தைக்குப் பாதி வேலையைப் பாட்டிதான் செய்கிறாள். முகத்தைப் பார்ப்பதும், தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஒலி கொடுப்பதும் அவள். பாட்டி ஊருக்குப் போய்விட்டால், அல்லது தாய் வேலைக்குத் திரும்பிவிட்டால், அந்தப் பாதியையும் குழந்தையே செய்ய வேண்டியிருக்கிறது. "ஒரு வயதிலேயே பழகிய பிள்ளை மூன்று வயதில் நனைக்கிறதே" என்று ஆச்சரியப்படும் வீடுகளில், முன்பு துணை நின்ற கை இப்போது இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

லயத்துப் பிள்ளைக்கு வழி தூரம்

துணை இல்லாத குழந்தைக்கு அடுத்த கஷ்டம் இடம். பல லயங்களில் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னாலோ வரிசையின் கோடியிலோ இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இருபது அடி, குழந்தைக்கு நாற்பது. கதவு கனம், தாழ்ப்பாள் எட்டாது. பெரியவர்களுக்காகப் போட்ட பீங்கானில் கால் வைக்கும் இடம் அகலமாக இருப்பதால், உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயம் வேறு. இந்தப் பயத்தாலேயே அடக்கி அடக்கி, கடைசியில் வீட்டு வாசலில் விட்டுவிடும் குழந்தைகள் உண்டு.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஜனவரியில் உறைபனி விழும் மலை இது. குளிரில் உடம்பு அதிகம் சிறுநீர் சுரக்கும். இரவில் போர்வைக்குள்ளிருந்து எழுந்து வர எந்தக் குழந்தைக்கும் மனம் வராது. யானைப் பயத்தைச் சொல்லவே வேண்டாம். அரிசிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-ந் தேதி சின்னக்கானலில் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்றாலும், அந்த ஒரு யானையோடு நடமாட்டம் நின்றுவிடவில்லை. இருட்டியபின் வெளியே போகப் பெரியவர்களே தயங்கும் இடத்தில், மூன்று வயதுப் பிள்ளை எழுப்பிக் கேட்கத் தயங்குவது இயல்பு.

இதற்கு மருந்து மிகவும் மலிவு. வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் சிறு பிளாஸ்டிக் பேசினோ, குழந்தை உட்காரும் சட்டியோ வைத்துவிடுங்கள். பாதம் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். அப்போதுதான் பயமில்லாமல் உட்காரும். இரவில் அது படுக்கைக்குப் பக்கத்திலும், சின்ன விளக்கு ஒன்று எரிந்துகொண்டும் இருக்கட்டும். காலையில் அதைக் கக்கூஸில் கொட்டிக் கழுவிவிடலாம். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணி வாய்க்காலிலோ தேயிலைச் செடி ஓரத்திலோ எறியும் வழக்கம் தவறானது. பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் நோய்க் கிருமிகளும் புழு முட்டைகளும் உண்டு. கொட்டியபின் சோப்பால் கை கழுவ வேண்டும்.

படுக்கைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரிக்கலாம். உர மூட்டையின் உள்பையையும் மருந்துப் பையையும் மட்டும் எடுத்து விரித்துவிடக் கூடாது. கழுவினாலும் ரசாயனம் போகாது.

டீச்சருக்குப் புரியாத சொல்

வீட்டை விட்டுக் குழந்தை முதன்முதலில் போகும் இடங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமும் அங்கன்வாடியும். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபது பேர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்று 1981-ல் திருத்தம் வந்தது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ந் தேதி. இரண்டாலும் நம் குடும்பங்களுக்கு நன்மை உண்டு. ஆனால் அங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அதுதான் பாஷை.

வீட்டில் "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லப் பழகிய பிள்ளை, மலையாள டீச்சரிடமும் அதையே சொல்கிறது. அவருக்கு அது எண்ணிக்கையாகக் கேட்கலாம். அவர் "முள்ளணோ?" என்று கேட்டால், சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று பொருள். நம் பிள்ளையோ எங்கே முள் என்று காலைத் தூக்கிப் பார்க்கும்! மலம் போவதற்கு மலையாளக் குழந்தைகள் "அப்பி" என்பார்கள். நம் வீடுகளில் ஆய், கக்கா என்று ஆளுக்கொரு சொல். இரண்டு முறை சொல்லியும் புரியாமல் போனால், மூன்றாவது முறை குழந்தை சொல்லாது. நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டு அழும். வீட்டில் உலர்ந்திருக்கும் பிள்ளை அங்கன்வாடியில் மட்டும் நனைக்கிறது என்றால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சேர்க்கிற அன்றே டீச்சரிடமும் ஆயாவிடமும், "எங்கள் பிள்ளை இப்படிச் சொல்லும்" என்று அந்தச் சொல்லைச் சொல்லி வையுங்கள். பிள்ளைக்கும் அவர்கள் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். வாய் வராத குழந்தைக்குச் சுண்டுவிரலைக் காட்டும் ஜாடை போதும். அதற்கு பாஷை இல்லை. மாற்று உடுப்பு இரண்டை ஒரு பையில் போட்டு, பெயரெழுதிக் கொடுத்துவிடுங்கள். இறுக்கமான பெல்ட்டும் பட்டனும் உள்ள கால்சட்டையைவிட, இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் கால்சட்டை நல்லது. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் உத்தியோகம் பார்த்து, பிள்ளையை நர்சரியில் விடும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

மறைந்திருக்கும் மலச்சிக்கல்

இடமும் பாஷையும் சரியாக இருந்தும் நனைப்பது தொடர்ந்தால், குழந்தை எத்தனை நாளுக்கு ஒரு முறை மலம் போகிறது என்று கணக்கெடுங்கள். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்துவிட்டால், அடுத்த முறை வலிக்குப் பயந்து குழந்தை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும். தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், டம்ளரின் கொள்ளளவு பாதியாகிவிடும். இன்னும் சில நாளானால், தேங்கியதைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் தானாகவே கசிந்து உடுப்பில் படும். இதைப் பேதி என்றோ, சோம்பேறித்தனம் என்றோ தாய்மார் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் குழந்தைக்கு அது கசிவதே தெரியாது.

பிஸ்கட்டும் ரஸ்க்கும் கட்டன் சாயாவுமாக வயிற்றை நிரப்பும் பிள்ளைகளிடம் மலச்சிக்கலைப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேயிலையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சிறு குழந்தைக்கு மட்டும் அது ஆகாது. சிறுநீரை அதிகமாக்கும், உணவிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. வாழைப்பழம், பப்பாளி, கீரை, பயறு, வேண்டிய அளவு தண்ணீர் இவைதான் மருந்து. நனைக்கிறது என்பதற்காகப் பகலில் தண்ணீரைக் குறைப்பது தவறு. மலச்சிக்கலைத்தான் அது கூட்டும். படுப்பதற்கு ஒரு மணி, இரண்டு மணி முன்னால் குறைத்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும். அந்த நேரம் பார்த்து ஐந்து நிமிஷம் உட்கார வைப்பது நல்ல பழக்கம்.

நனைத்த அந்த நேரத்தில்

காரணத்தைத் தேடுவது நாளைய வேலை. நனைத்த உடனே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். குரலை உயர்த்தாமல், "நனைஞ்சு போச்சா, பரவாயில்லை, அடுத்த தடவை சட்டியில் போகலாம்" என்று சொல்லுங்கள். கதகதப்பான தண்ணீரில் கழுவி உலர்ந்த உடுப்பு போடுங்கள். பெண் குழந்தைகளை முன்னிருந்து பின்பக்கமாகவே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மலக் கிருமி சிறுநீர் வழிக்குள் போய்விடும். நனைந்த துணியை வாளியில் போடும் வேலையைக் குழந்தைக்கே கொடுக்கலாம். தண்டனையாக அல்ல, கூடமாட உதவுவதாக. அத்தோடு பேச்சு முடிய வேண்டும். மாலையில் தகப்பன் வந்ததும், விருந்தாளி முன்னிலும், அதை எடுத்துச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. சொன்ன அன்று தட்டிக்கொடுங்கள்; சொல்லாத அன்று சும்மா இருங்கள்.

எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், வெளியே கிளம்புமுன், படுக்குமுன், இடையில் இரண்டு மணிக்கொரு முறை என்று நீங்களே நினைவூட்டுங்கள். காலைக் குறுக்கிக்கொண்டு நெளிந்தால் கேள்வி கேட்காமல் அழைத்துப்போங்கள். வீட்டில் புதுக் குழந்தை பிறந்தாலும், லயம் மாறினாலும், வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் பழக்கம் சில வாரம் பின்வாங்கும். மறுபடி பழையபடி நினைவூட்டினால் தானே திரும்பும்.

அடியின் பலன்

அடித்தால் பழக்கம் வராது, பயம்தான் வரும். பயந்த குழந்தை வந்ததைச் சொல்வதில்லை, மலத்தை அடக்குகிறது, நனைந்த துணியைப் பாயடியில் ஒளிக்கிறது. அதாவது, நாம் எதைப் போக்க அடித்தோமோ அதுவே பெருகுகிறது.

கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேரளம் முழுவதும் 2024 டிசம்பரில் கண்டது. திருவனந்தபுரத்தில் மாநிலக் குழந்தைகள் நலச் சமிதியின் காப்பகத்தில் இருந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தை, படுக்கையை நனைத்ததற்காகக் காயப்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டில் ஆயாக்கள் மூவர் கைதானார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிய வேறோர் ஆயா காயத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டரை வயது என்பது இரவில் நனைக்காமலிருக்கும் வயதே அல்ல. குழந்தையை வதைப்பவருக்கு 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு மூன்று ஆண்டுவரை சிறை விதிக்கிறது; காப்பக ஊழியரானால் ஐந்து ஆண்டுவரை. நம் பிள்ளை வேறொருவர் கையில் இருந்தால், மாலையில் குளிப்பாட்டும்போது உடம்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சந்தேகமானால் 1098 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் சொல்லலாம்.

டாக்டரிடம் எப்போது?

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் சிறுநீர் போகும்போது அழுதால், காய்ச்சலோ நாற்றமோ இருந்தால், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்து, மெலிந்தும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயின் அறிகுறி அது. இரவில் ஆசனவாய் அரித்தால் கீரிப்பூச்சி. அதற்கு மாத்திரை உண்டு. ஒன்று முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். நாலு வயது கடந்தும் உடுப்பில் மலம் படுவது, ஐந்து வயது கடந்தும் பகலில் நனைவது, சிறுநீர் எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது, நடையில் மாற்றம் ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்திலோ, ஆஷா ஊழியரிடமோ முதலில் சொல்லலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கஷ்டப்பட்டு உழைத்துக் களைத்து வரும் தாய்க்கு, வாசலிலேயே ஒரு நனைந்த துணி காத்திருந்தால் ஆத்திரம் வருவது மனித இயல்பு. அந்தத் துணியைத் துவைக்கத் தகப்பனும் ஒரு கை கொடுத்தால் ஆத்திரத்தில் பாதி அப்போதே வடிந்துவிடும். மீதிப் பாதிக்கு நாலு கேள்விகள் போதும்: வழி தூரமா? இடம் பயமா? சொன்னது புரியவில்லையா? வயிறு கட்டியிருக்கிறதா? பெரும்பாலும் விடை இந்த நாலில் ஒன்றில் இருக்கும். அதைச் சரி செய்தால் பிள்ளை தானே தேறிவிடும்.